ஃபேனை நிறுத்திவிட்டு ஆடிய ஆட்டம்

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். செத்துப்போய் இத்தனை வருஷம் ஆகியும், நினைத்த மாத்திரத்தில் எரிச்சல் வருகிற மனுஷர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தாரா? எங்கள் வீட்டில் இருந்தார். பட்டாளத்துத் தாத்தா. அப்பாவுடைய சித்தப்பா. பீரங்கிப் படையில் சேர்ந்து, பர்மா எல்லை வரை போய்ச் சண்டை போட்டு, கல்யாணம் செய்துகொள்ளாமலே காலத்தை ஓட்டி, பென்ஷனோடு வந்து திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு முன்கூடத்தைப் பிடித்துக்கொண்டவர். எதிரியிடம் எதை எதை விட்டுக்கொடுத்தாரோ தெரியாது, எங்கள் முன்கூடத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று அவர் நினைப்பு வந்ததற்குக் காரணம் பௌர்ணமி. உங்களுக்குத் தெரியும், பௌர்ணமியன்று இந்த ஊரில் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே போக முடியாது. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். கோயிலின் பேகோபுரத்துக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் என் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். அத்தை எண்பதைத் தொடப் போகிறவர். மடியில் ஒரு டேப்லெட். அதில் ப்ரிட்ஜ் என்கிற சீட்டாட்டம். எதிரே யாரோ போலந்துக்காரர், பக்கத்தில் யாரோ ஆஸ்திரேலியாக்காரி, முகம் தெரியாத மூன்று பேரோடு தினமும் ஆடுகிறார். ஆடட்டும். ஆனால் ஆடும்போது ஃபேனை நிறுத்திவிடுகிறார். கத்திரி வெயிலில், மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் திருப்பிக் கொட்டுகிற நேரத்தில், ஃபேனை நிறுத்திவிடுகிறார். டேப்லெட்டில் பறக்கிறதற்கு என்ன இருக்கிறது? கேட்டால் "பழக்கம்"னு ஒரு வார்த்தை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்தான் பட்டாளத்துத் தாத்தா.

எனக்கு அப்போது பத்து வயது. முன்கூடத்தின் நடுவில், சரியாக ஃபேனுக்குக் கீழே, தாத்தாவின் மடக்கு மேஜை. மேலே பச்சைத் துணி ஒட்டியிருக்கும். நான்கு மூலையிலும் டம்ளர் வைக்கச் சின்னச் சின்ன வட்டக் குழி. யார் வீட்டிலும் அப்படி ஒரு மேஜையை நான் பார்த்ததில்லை. சீட்டுகள் ஒரு தகர டப்பாவில் இருக்கும். மூடியில் கப்பல் படம் போட்டு, கப்பலில் பாதி தேய்ந்துபோயிருந்தது. திறந்தால் பழைய புகையிலையும் கற்பூரமும் கலந்த வாசனை வரும். ராணுவ ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடந்தபோது, அங்கே ப்ரிட்ஜ் ஆட நாலாவது ஆள் கிடைக்காமல் ஒரு டாக்டர் கேப்டன் இவரைப் பிடித்து உட்கார வைத்தாராம். ஒரு சாதாரணச் சிப்பாயை, ஆபீசர்கள் மேஜையில். கால் கூடிவிட்டது, ப்ரிட்ஜ் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கேப்டனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தாத்தா எழுந்து நிற்பது போல முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

ப்ரிட்ஜ் தெரியாதவர்களுக்காக, எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். நாலு பேர் வேண்டும். எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு கட்சி. சீட்டைப் பங்கு போட்டதும், எத்தனை பிடி பிடிப்போம் என்று ஏலம் கேட்பார்கள். ஆளுக்கொரு சீட்டாகப் போடுகிற ஒரு சுற்றுதான் ஒரு பிடி. ஏலம் எடுத்தவருடைய கூட்டாளி தன் கைச் சீட்டு அத்தனையையும் மேஜைமேல் விரித்து வைத்துவிட வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். அவருடைய சீட்டையும் சேர்த்து மற்றவரே ஆடுவார். அந்தக் கை, அதாவது பங்கு போட்ட அந்த ஒரு ஆட்டம், முடிகிறவரை டம்மி வாயைத் திறக்கக் கூடாது. கூட்டாளி தப்பாக ஆடினாலும் கூடாது, அடுப்பில் பால் பொங்கினாலும் கூடாது. காசு வைத்து ஆடுவதில்லை. "காசே இல்லாத ஆட்டத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று அம்மா கேட்பாள். காசு வைத்து ஆடியிருந்தால் அம்மாவுக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை இருந்திருக்குமோ என்னவோ.

ஆட்டம் தொடங்கினால் முதல் உத்தரவு, "ஃபேனை நிறுத்து." சீட்டு பறந்துவிடுமாம். அடுத்தது, ரேடியோவை நிறுத்து. அடுத்தது, அவிச்ச மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு மேஜைப் பக்கம் வராதே, சீட்டில் ஈரம் பட்டுவிடும். பீரங்கிச் சத்தத்தில் தாத்தாவுக்கு இடது காது போய்விட்டதால் ஏலத்தைத் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். "டூ ஸ்பேட்ஸ்!" என்று அவர் முழங்கினால் எதிர்வீட்டு ஆடு திரும்பிப் பார்க்கும். நாங்கள் மட்டும் மூச்சு விடக் கூடாது. அந்தக் கோடையில் என் முதுகில் வந்த வேர்க்குருவுக்கு அவர்தான் பொறுப்பு. இதை நான் அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. கூட்டாளிக்குச் சாடை காட்டக் கூடாது. இருமக் கூடாது, தொண்டையைக் கனைக்கக் கூடாது, சீட்டைத் தட்டக் கூடாது. சாடை காட்டினான் என்று ஒருவரை லேசில் சொல்லிவிடவும் கூடாது. ஒருநாள் ரிட்டையரான தாசில்தார் விளையாட்டுக்கு, "என்னா டாக்டர், கண்ணடிக்கறீங்களா?" என்று ஓமியோபதி டாக்டரைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். தாத்தா சீட்டைக் கவிழ்த்தார். "கள்ள ஆட்டம் ஆடறவனாவது சீட்டுக்குத்தான் துரோகம் பண்றான். ஆடாதவனை ஆடினான்னு சொல்றவன் மனுஷனுக்கே துரோகம் பண்றான். அவன் மேஜையில உக்காரவே லாயக்கில்ல." தாசில்தார் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறவரை சில நாள் ஆட்டமே நடக்கவில்லை. ஊரே பயந்த தாசில்தார், எங்கள் கூடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். அத்தனை நாளும் ஃபேன் ஓடியதால் எனக்குச் சந்தோஷம்.

தாத்தா, தாசில்தார், டாக்டர், ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. இதுதான் அவர்கள் நாலு பேர். அந்த வருஷம் பங்குனி பிறந்ததும் வெள்ளைக்கார அம்மா வெயில் தாங்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தோம். தப்பிக்கவில்லை. நாலாவது ஆளைத் தேடும் படலம் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த யாரையும் விடவில்லை. மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரை உட்கார வைத்து ஆட்டத்தை விளக்கினார். அவர் அடுத்த மாசம் மீட்டரை ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடி அண்ணாமலையிலிருந்து நெல் கொண்டுவந்த குத்தகைக்காரரைப் பிடித்தார். அவருக்கு ரம்மி தெரியும், தைரியமாக உட்கார்ந்தார், இரண்டு கையில் எழுந்து மாட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அப்பாவையும் விடவில்லை. அப்பா ஒரு வாரம் ஆடினார். ஆட்டத்தைவிடக் கொடுமை, ஆட்டம் முடிந்தபிறகு நடக்கும் விசாரணை.

"ஏன்டா, என் கிட்ட ராஜா இருக்குன்னு ஏலத்துலயே சொன்னேனே. நீ எதுக்கு ராணியை விட்டே?"

"தெரியாம விட்டுட்டேன் சித்தப்பா."

"தெரியாம எப்படி விடுவே? நீ விட்ட அந்த ராணிதான் இன்னிக்கு நம்மளை முடிச்சுது."

சாப்பிடும்போது இது. கை கழுவும்போது இது. அப்பா கோயிலுக்குக் கிளம்பினால் வாசல்வரை கூடவே வந்து இது. எட்டாம் நாள் அப்பா ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அத்தை. அப்பாவின் தங்கை. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவார். சாயங்காலம் வந்ததும் முன்கூடத்து மூலையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். யாரும் அவருக்கு ப்ரிட்ஜ் சொல்லித்தரவில்லை. ஒருநாள் தாத்தா, "மூணு பேரை வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது" என்று தலையில் அடித்துக்கொண்டபோது, அத்தை சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டை எடுத்து அடுக்கினார். ஏலம் கேட்டார். ஜெயித்தார். தாத்தாவுக்குப் பாராட்ட மனசு வரவில்லை. "டைமனை முன்னாடியே போட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தார். ஆனால் அடுத்த நாள் அத்தையின் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றார்.

அந்தக் கோடை முழுவதும் அத்தைதான் நாலாவது ஆள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, ஆம்பளைங்களோட உக்காந்து சீட்டு ஆடறா. ஊர்ல நாலு பேரு என்னா சொல்வாங்க?"

அத்தைக்கு அப்போதே கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், கடைசியாக வேலூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பாங்கியில் வேலை. பையனுடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்திவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பையனின் அம்மா படுத்த படுக்கை, அதனால் பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும்.

அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா இதைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வேலையை விட்டுத்தான் ஆகணுமாண்ணா?" என்றார் அத்தை.

"பின்ன? வேலூர்ல இருந்து தினம் கீழ்பென்னாத்தூர் போவியா? அவங்களே நல்லா சம்பாதிக்கறாங்க. உனக்கு என்னாத்துக்கு வேலை?"

"இல்ல, பத்தாங்கிளாஸ் பசங்க..."

"வேற டீச்சர் வருவாங்க. இந்த இடம் வராது."

அத்தை மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போய், பொண்ணு பார்க்கிற அன்றைக்குக் கட்ட ஒரு மயில்கழுத்துக் கலர் புடவை எடுத்துக்கொண்டு வந்தார். புடவையைப் பிரித்துக் காட்டினார். அத்தைக்குச் சந்தோஷம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். புதுப் புடவை வாங்கின பெண்ணுக்கு வேறு என்ன இருக்க முடியும்?

அவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம் ஆட்டம் இல்லை. தாத்தா தனியாக மேஜையருகே உட்கார்ந்திருந்தார். அத்தை காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவருடைய வலது பக்கம், காது கேட்கிற பக்கம், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ விட்டுப்போன ராணியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் தாத்தா "சரி" என்று சொன்னது மட்டும் கேட்டது. அவர் "சரி" சொன்னால் அடுத்த தெருவுக்கே கேட்கும்.

வேலூர்க்காரர்கள் அம்பாசிடர் காரில் வந்தார்கள். பையன், பையனின் அப்பா, ஒரு மாமா. மேஜையை அகற்றச் சொல்லி அம்மா மூன்று நாளாக மன்றாடியிருந்தாள். தாத்தா அசையவில்லை. அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு, தட்டு வைக்கிற மேஜை மாதிரி காட்டியிருந்தாள். பையனின் அப்பா உட்கார்ந்தார், கேசரியை எடுத்தார், விரிப்பின் ஓரத்தில் பச்சைத் துணி தெரிவதைப் பார்த்தார்.

"இது ப்ரிட்ஜ் டேபிள் ஆச்சே! யாருங்க ஆடறது?"

அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பையனின் அப்பா வேலூர் கிளப்பில் ப்ரிட்ஜ் ஆடுகிறவராம். பையனும் ஆடுவானாம். தாத்தாவின் முகத்தில் கார்த்திகை தீபம் ஏற்றியது போல ஒரு வெளிச்சம். ஒரு கை போடலாமே, நாலாவது ஆள் யார் என்று அவர்கள் கேட்டபோது, தாத்தா உள்ளே திரும்பி அத்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பொண்ணு வந்து சீட்டாட உட்கார்ந்தது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். தட்டுகளை எடுத்தார்கள். விரிப்பைப் பிடுங்கினார்கள். தாத்தா சொன்னார், "ஃபேனை நிறுத்து." வந்த சம்பந்தியின் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நான்தான் நிறுத்தினேன். பட்டு வேட்டியும் டெரிலின் சட்டையுமாக அவர்கள் வேர்த்துக் கொட்டினார்கள். அம்மா சமையற்கட்டில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஆனால் ஆச்சரியம், ஆட்டம் நன்றாகப் போனது. ஒரு பக்கம் அப்பாவும் பிள்ளையும், ஒரு பக்கம் தாத்தாவும் அத்தையும். பையன் நிதானமாக ஆடினார். அத்தை ஒரு கையை ஜெயித்தபோது அவரே "பலே" என்றார். பையனின் அப்பா எங்கள் அப்பாவிடம் திரும்பி, "பொண்ணு பிரமாதமா ஆடுதுங்க. எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று சொல்லிவிட்டார். அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் திட்டிய மேஜையை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடலாமா என்பது போல.

அடுத்த கைக்குச் சீட்டைப் போட்டுக்கொண்டே பையனின் அப்பா, "வேலையை விட்டுடறதா மட்டும் இந்த மாசமே எழுதிக் குடுத்துடட்டும்" என்றார்.

"குடுத்துடுவா, குடுத்துடுவா" என்றார் எங்கள் அப்பா.

அத்தை தலை நிமிரவில்லை. சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். தாத்தா அத்தையை ஒரு தடவை பார்த்தார். ஏலம் தொடங்கியது. பையன் கேட்டார், கேட்டுவிட்டுக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். தாத்தா தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, காதைத் தொட்டியே, எதுக்கு?"

"வேர்க்குருங்க. அரிக்குது."

"ஏலம் கேக்கறப்ப மட்டும் அரிக்குதா?"

பையன் சிரித்தார், கிழவர் தமாஷ் செய்கிறார் என்று. தாத்தா சிரிக்கவில்லை. பையனின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அவருக்கே உரிய தெருக்கோடிக் குரலில் அல்ல, மெதுவாக. அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே கிடையாது.

"உங்க பையன் உங்களுக்குச் சாடை காட்டறான். சீட்டுல சாடை காட்டறவன் வீட்டுக்கு எங்க பொண்ணை அனுப்ப முடியாது."

பையனின் முகம் கறுத்துப்போனது. அவருடைய அப்பா எழுந்துவிட்டார். "வயசுக்கு மரியாதை குடுத்து சும்மா இருக்கேன். கௌம்புங்கப்பா." எங்கள் அப்பா கையைப் பிடித்தார், மன்னிப்புக் கேட்டார், கார்க் கதவுவரை ஓடினார். கார் போய்விட்டது.

அப்பா திரும்பி வந்து தாத்தா முன்னால் நின்றார். "சித்தப்பா, ஒரு சீட்டாட்டத்துக்கு... என் தங்கச்சி வாழ்க்கையை ஒரு சீட்டாட்டத்துக்குக் கெடுத்துட்டீங்களே!"

தாத்தா சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கி டப்பாவில் போட்டு மூடினார். என்னைப் பார்த்து, "ஃபேனைப் போடும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய்ப் போட்டேன். காற்று வந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பட்டதெல்லாம், அப்பாடா, காற்று.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. அம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "வேற ஒண்ணுமில்ல. நாலாவது ஆளு வேலூர் போயிடுமேன்னுதான் கலைச்சுட்டாரு. அவருக்கு அவரோட ஆட்டம்தான் பெருசு." எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தெருவே அதை நம்பியது. பிறகு எந்த வரனும் வரவில்லை. பொண்ணு பார்க்கப் போனால் சீட்டாடச் சொல்லி அவமானப்படுத்துவார்கள் என்று எங்கள் வீட்டுக்குப் பெயராகிவிட்டது. கோடை முடிவதற்குள் அப்பா தாத்தாவிடம், "நீங்க வேற இடம் பாத்துக்கங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டார். தாத்தா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார். மேஜையை எடுத்துக்கொள்ளவில்லை. அதில் அம்மா இஸ்திரி போட்டாள், பச்சைத் துணி பொசுங்கிப்போய், பிறகு காலும் ஆடி, எப்போது எங்கே போனதென்றே தெரியவில்லை. டம்ளர் வைக்கிற அந்தக் குழிகள் மட்டும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன.

பாருங்கள், இப்போது யோசித்தால்தான் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாலாவது ஆளுக்காகக் கல்யாணத்தைக் கெடுத்தவர் என்றால், அந்த நாலாவது ஆளை வைத்து ஆடியிருக்க வேண்டாமா? தாசில்தாரும் டாக்டரும் செங்கம் ரோடுவரை நடந்துபோய்க் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அம்மா குளிர்காலத்தில் திரும்பி வந்து, அவர் அறைக்குப் பக்கத்திலேயே தங்கினார். தாத்தா ஆடவில்லை. சாகிறவரை சீட்டைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்காவது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

அத்தை மட்டும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, டிபன் கேரியரோடு செங்கம் ரோட்டுக்குப் போவார். "தன் வாழ்க்கையைக் கெடுத்த மனுஷனுக்குச் சோறு கொண்டுபோறா பாரு, இவ மாதிரி மனசு யாருக்கு வரும்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தாத்தா போனபோது கொள்ளி வைத்தது அப்பாதான். ஆனாலும் கோபம் தீரவில்லை. போன தையில் அப்பா சாகும் முன்புகூட, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுஷன் மட்டும் இல்லன்னா நீ நல்லா இருந்திருப்பே" என்றார். அத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி ஓய்வு பெற்றார், அவரிடம் படித்தவர்கள் இந்த ஜில்லா முழுக்க இருக்கிறார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

நானும் சும்மா இல்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் இந்தக் கதையைச் சொல்வேன். தாத்தா மாதிரியே குரலை உயர்த்தி, "ஏலம் கேக்கறப்ப மட்டும் அரிக்குதா?" என்று கேட்டால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார்.

இன்று சாயங்காலமும் அதில்தான் போய் நின்றேன். வெளியே கூட்டத்தின் இரைச்சல், உள்ளே புழுக்கம், நின்றுபோன ஃபேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல பழக்கத்தைத்தான் கத்துக் குடுத்துட்டுப் போனாரு அந்தக் கிழவர்! உங்க கல்யாணத்தையும் கெடுத்தாரு, எனக்குக் காத்தையும் கெடுத்தாரு."

அத்தை டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கல்யாணத்தைக் கெடுக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டது சரிதான்.

"அவங்க வர்றதுக்கு மொத நாளு சித்தப்பா கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். எனக்கு வேலையை விட முடியாது, அண்ணன் கிட்ட சொன்னா கேக்க மாட்டாரு, நீங்க எதாவது பண்ணுங்கன்னேன். சரின்னாரு. அண்ணன் கிட்ட பேசுவாருன்னு நெனச்சேன். இப்படிப் பண்ணுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அந்தப் பையன்..."

"சாடையும் இல்ல ஒண்ணும் இல்ல. பாவம், வேர்க்குரு. ஃபேனை நிறுத்தினா வராம என்னா பண்ணும்? சித்தப்பாவுக்கு அது நல்லாத் தெரியும். எதிர்ல உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது."

மேஜையும் தாசில்தாரும் கண் முன்னால் வந்தார்கள். ஆடாதவனை ஆடினான் என்று சொல்கிறவன் மேஜையில் உட்கார லாயக்கில்லை என்று முழங்கிய அந்தக் குரலும் வந்தது.

"அதான் அப்புறம் ஆடலையா?"

"எத்தினியோ தடவை கெஞ்சினேன். ஒரு கை, ஒரே ஒரு கைன்னு. 'நான் சட்டத்தை மீறிட்டேம்மா, இனிமே மேஜைக்கு வரக் கூடாது'ன்னுட்டாரு. அந்தப் பையனுக்கு வேற எடத்துல நிச்சயம் ஆச்சுன்னு தெரிஞ்சதும் பஸ் ஏறி வேலூர் போனாரு. கிழவனுக்குக் கண்ணு சரியில்ல, தப்பாப் பாத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு கேட்டாராம். அவங்க நல்ல மனுஷங்க. மோர் குடுத்து, ஒரு கை போடலாமான்னு கூடக் கேட்டாங்களாம். கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டாரு."

"இத்தினி வருஷம் ஏன் அத்தை சொல்லலை? அப்பா கடைசி வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே போனாரே! நான் பந்திக்குப் பந்தி..."

"சித்தப்பாதான் வேணாம்னாரு. தங்கச்சியே தன்னை ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா உங்க அப்பா தாங்க மாட்டாராம். 'அவன் இருக்கற வரைக்கும் சொல்லாதே, என் மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும்'னாரு." அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "என் கையை விரிச்சு வெச்சுட்டேன். ஆடினது அவரு. கை முடியற வரைக்கும் நான் பேசக் கூடாது இல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காத அப்பா மேல், கண்ணைத் துடைத்துக்கொண்டே கதை கட்டிய அம்மா மேல், கூடவே உட்கார்ந்து சிரித்த இந்த அத்தை மேல். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கிழவர் மேல். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு காது இல்லை. அந்த ஒன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அறையில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர்! எனக்கு அழுகை வந்தது.

அது தெரியாமல் இருக்கட்டும் என்று எழுந்து ஸ்விட்சிடம் போனேன். கையை வைத்துவிட்டேன்.

"இரும்மா" என்றார் அத்தை, திரையைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் ரெண்டு பிடி இருக்கு."

வேர்த்துக் கொட்டியது. கையை எடுத்துக்கொண்டேன். அந்த ஆட்டம் முடிகிறவரை நான் ஃபேனைப் போடவில்லை.